ஆளுக்கு முன்னால் வந்த பெட்டி

1997ஆம் ஆண்டு மார்கழி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், சிறுவாச்சூர் அறிவரசனின் பெட்டி, அறிவரசன் இல்லாமல் கப்பலிலிருந்து ஊர் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து பெரம்பலூர் வரை பெரிய பஸ்ஸில் வந்து, அங்கே டவுன் பஸ் மாறி, காளி கோயில் நிறுத்தத்தில் இறங்கியது. நடந்து வந்தது என்று இன்றைக்கும் சிலர் சொல்வது சுத்தப் பொய். அதற்கு அடியில் இரண்டு சக்கரங்கள் இருந்தன, உருண்டுதான் வந்தது. டவுன் பஸ் கண்டக்டருக்கு இருந்த ஒரே சந்தேகம் லக்கேஜ் டிக்கெட் போடுவதா, ஆள் டிக்கெட் போடுவதா என்பதுதான். ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்ததால் ஆள் டிக்கெட்டே போட்டுவிட்டார். திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கிற கோயில் அது. கூட்டம் நெரிந்த நேரத்தில் ஒரு நீலப் பெட்டி தன்பாட்டுக்கு ரோட்டைக் கடந்து போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கிற கடையில் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்வியின் முன்னால் போய் நின்றது. அவள் அறிவரசனின் மனைவி.

அறிவரசன் கப்பலுக்குப் போவதற்கு முன்னால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் தலைமேல் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன். எந்த மூட்டை யாருடையது, எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பதை ஒருதரம் பார்த்தால் மறக்க மாட்டான். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, திருச்சி ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பலில் பெட்டி தூக்குகிற வேலை கிடைத்தது. "பத்து மாசந்தான புள்ள, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று வெற்றிச்செல்வியிடம் சொல்லிவிட்டுப் போனான். அவளும் நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்வாள்.

போன புதிதில் பக்கம் பக்கமாக எழுதினான். கப்பலில் ஆயிரம் பேர் ஊர் சுற்றுகிறார்கள், ஆயிரம் பேரும் கரையில் ஒரே நேரத்தில் பெட்டியோடு இறங்கினால் மிதிபட்டுச் சாக வேண்டியதுதான். ஆகையால் இறங்குவதற்கு முந்தைய நாளே அவரவர் பெட்டியைக் கட்டி, அறை வாசலில் வெளியே வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கலர் சீட்டு. விடிவதற்குள் எல்லாப் பெட்டியையும் வேலையாட்கள் எடுத்துக் கீழே கொண்டுபோய்க் கலர் கலராக அடுக்குவார்கள். காலையில் ஆட்கள் கைவீசிக்கொண்டு இறங்கிப்போய்த் தங்கள் பெட்டியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரே ஒரு ஆபத்துதான். மறுநாள் தேவைப்படுகிற சாமானைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போச்சு. பல் செட்டை உள்ளே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிய கிழவரைப் பற்றி எழுதினான். கால்சட்டையெல்லாம் பெட்டியில் போய்விட, போர்வையைச் சுற்றிக்கொண்டு கரையில் நின்ற ஒரு கனவானைப் பற்றி எழுதினான். வெற்றிச்செல்வி அதைப் படித்து, பக்கத்துத் தேங்காய்க் கடைப் பாப்பாத்திக்கும் படித்துக் காட்டி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பத்து மாதம் முடிந்தபோது அறிவரசனும் தன் பெட்டியைக் கட்டினான். வேலையாட்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் தூக்கியவனுக்கு, தன் பெட்டியை ஒருநாள் வேறு ஒருவன் தூக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. மஞ்சள் சீட்டு ஒன்றைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் எழுந்து பார்த்தால் பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கிறது, விமான டிக்கெட் இருக்கிறது, கால்சட்டை இடுப்பில் இருக்கிறது. ஊருக்குப் போக வேண்டும் என்கிற ஏக்கம் மட்டும் இல்லை. பெட்டியைக் கட்டுகிற அவசரத்தில் அதையும் துணிகளோடு மடித்து உள்ளே வைத்துவிட்டான். ஏக்கம் இல்லாதவனுக்கு ஊரில் என்ன வேலை? அன்று மதியமே அடுத்த காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டான். பெட்டிக்கு வழி தெரிந்திருந்ததால் அது வந்துவிட்டது.

பெட்டி மட்டும் வந்ததைப் பார்த்ததும் அறிவரசனின் அப்பா இராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பொட்டி மட்டும் வந்தா என்னம்மா அர்த்தம்? எம்புள்ள கடலோட போயிட்டான்" என்று அழுதார். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. நலம், நலமறிய அவா, சாப்பாடு பரவாயில்லை, இன்னும் பத்து மாதம் இருக்கப் போகிறேன். அவ்வளவுதான். இறங்குகிற ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை, அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெற்றிச்செல்வி பெட்டியைத் திறந்து, புடவை, சோப்பு, அப்பாவுக்கு வாங்கிய சால்வை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். எடை கொஞ்சமும் குறையவில்லை. அவள் கடைக்குப் பழம் கொண்டுவந்து போடுகிற வியாபாரியின் தராசில் வைத்துப் பார்த்தார்கள், காலிப் பெட்டி இருபத்து மூன்று கிலோ காட்டியது. தராசு சரிதானா என்று வியாபாரி தன் பழக் கூடையை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பெட்டி அந்த வீட்டில் குடியிருந்தது. முன்பெல்லாம் அறிவரசன் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்புகிற ஐந்தரை மணிக்கு அது அடுப்படிப் பக்கம் திரும்பி நிற்கும். கருவாட்டுக் குழம்பு கொதித்தால் மூடி ஒரு விரற்கடை உயரும். அவள் தலை வாரும்போது பக்கத்தில் வந்து அசையாமல் இருக்கும். அவளுக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் கிடந்தபோது கட்டில் காலை விட்டு அது நகரவே இல்லை. கைவைத்தால் மனுஷ உடம்புச் சூடு இருந்தது. "அந்தக் கப்பக்காரன் இப்படி ஒருநாளாச்சும் ஒன்னயப் பாத்திருப்பானாடி?" என்று பாப்பாத்தி கேட்டாள். வெற்றிச்செல்விக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. 2001இல் அறிவரசன் எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்து, நல்லா இருக்கியா, அப்பா நல்லா இருக்காரா, சரி வச்சிடறேன் என்று அரை நிமிடத்தில் முடித்துக்கொண்டான். அவள் வீடு திரும்பியபோது பெட்டி கதவை முட்டி முட்டிச் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. இராமலிங்கம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் இங்கதாம்மா இருக்கான். அங்க வேல பாக்கறது வெறும் ஆளு."

பணம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. ஆள் வரவில்லை. சிறுவாச்சூர்ப் பெண்களில் புருஷன் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் அப்போது உண்டு. அவர்களிடம் புருஷனின் ஏக்கம் இல்லை, புருஷன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போனான். வெற்றிச்செல்வியிடம் ஏக்கம் முழுசாக இருந்தது. எது தேவலை என்று அவளைக் கேட்டவர்கள் உண்டு. சில சாயங்காலங்களில் இது, சில சாயங்காலங்களில் அது என்று அவள் உண்மையையே சொன்னாள்.

2003 ஐப்பசியில் இராமலிங்கம் இறந்தார். மகனுக்குத் தகவல் போய், வருத்தமான செய்தி, காரியங்களை முறைப்படி செய்யவும் என்று பதில் வந்தது. பாடை கிளம்பியபோது பெட்டியும் பின்னால் உருண்டு போனது. பெண்கள் நின்றுகொள்ளும் முச்சந்தியில் அது நிற்கவில்லை. மகன் அல்லவா, சுடுகாடு வரை போயிற்று. கொள்ளியைப் பங்காளி பிச்சைமுத்து வைத்தார், பெட்டிக்குக் கையில்லை. வீடு திரும்பியதும் அதன் இடுக்கு வழியே தண்ணீர் கசிய ஆரம்பித்து மூன்று நாள் ஓடியது. வெற்றிச்செல்வி வாளி வைத்துப் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். உப்புத் தண்ணீர் பட்டு வாசல் முருங்கை பட்டுப்போனது. "அழ வேண்டியவரு அங்க குத்துக்கல்லாட்டம் இருக்காரு. இது கெடந்து அழுவுது. என்னா ஞாயம் இது?" என்று அவள் பாப்பாத்தியிடம் சொன்னாள். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டால் ஏக்கம் உரியவனிடம் போய்ச் சேரும், அவன் ஓடி வருவான் என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது. ஆனால் அனுப்பினால் அவன் வருவானா என்பது தெரியாது, இது போய்விடும் என்பது தெரியும். அந்த ஒரு கணக்கு நேராகாமல் மூன்று வருடம் போனது.

2006 ஐப்பசியில், அவளுக்கு முன்தலையில் நரை தெரிந்த மறுவாரம், அனுப்பிவிட முடிவு செய்தாள். பெட்டியைத் துடைத்தாள். முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தாள். கப்பல் பெயரையும் அறிவரசன் பெயரையும் எழுதிக் கட்டினாள். மூடுவதற்கு முன்னால் திறந்த பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். காலையில் பெரம்பலூர் போய்ச் சென்னை பஸ்ஸில் ஜன்னலோரமாக ஏற்றிவிட்டு, "ஹார்பர்ல எறங்கணும், தூங்கிட்டா எழுப்பி விடுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னாள். பஸ் கிளம்பும்போது நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், வெள்ளிக்கிழமை வியாபாரம் பார்த்தாள். ஐந்தரை மணி வந்து வந்து போனது. தைரியசாலி என்று ஊரே மெச்சியது. தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கால்சட்டைக் கனவான் செய்த தப்பையே அவளும் செய்திருந்தாள். தன்னுடையதையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டாள்.

பெட்டி ஒரு துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டு அடுத்த துறைமுகத்துக்கும், அங்கே தவறவிட்டு அதற்கடுத்ததற்கும் போய், பன்னிரண்டு மாதம் கழித்து அறிவரசனின் அறை வாசலில் நின்றது. திறந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அப்பாவுக்காக இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் கப்பல் கரை அணைந்ததும், கலர் பார்க்காமல், பயணிகள் யாரும் இறங்குவதற்கு முன்னால், பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். யார் கேட்டும் கையில் கொடுக்கவில்லை.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகப் பிரிந்த 2007 கார்த்திகையில் அவன் ஊர் வந்து சேர்ந்தான். வெற்றிச்செல்வி வாசலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழ மாலை கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க. பஸ்ஸுல கூட்டமா?" என்றாள். எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள். அவன் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். வழியெல்லாம் இவ்வளவு கனக்கிறதே, ஒரு ஆளுக்கு இத்தனை ஏக்கம் இருக்குமா என்று குழம்பியபடியே வந்தவனுக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டி தூக்கிப் பிழைத்தவன் அல்லவா.

"நீயும் உள்ள வச்சிட்டியா புள்ள?"

"என்னத்தங்க?"

கரையில் ஒரு பெட்டிக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால், இருவரையும் எதிரே நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சரியாகச் சொல்பவருக்குப் பெட்டி. அறிவரசன் அதையே செய்தான். பெட்டியை நடுவில் திறந்துவைத்து ஒவ்வொன்றாக எடுத்தான். கண்ணுக்குத் தெரியாது, கையில் கனம் மட்டும் தெரியும். அப்பாவின் இருமல் சத்தத்துக்கான ஏக்கம் அவனுடையது, அதில் சந்தேகமில்லை. கருவாட்டுக் குழம்புக்கானதும் அவனுடையது. அடுத்ததை அவள் மடியில் வைத்தான். அதைக் கையில் தூக்கிப் பார்த்தவள், "இது... சாயங்காலம் டவுன் பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பேன்ல, அது" என்றாள். சொல்லி முடித்ததும் கையில் கிடைத்த எலுமிச்சம்பழங்களை எடுத்து அவன்மேல் எறிய ஆரம்பித்தாள். "பத்து வருசங்க! பத்து வருசம் ஒரு பொட்டியக் கட்டிக்கிட்டு அழுதேங்க!" கூடை காலியாகும் வரை அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். பிறகு இருவரும் தொடர்ந்து பிரித்தார்கள். மூன்று நாள் ஆனது. அந்த வாரத் திங்கட்கிழமை கடை திறக்கவில்லை.

எல்லாம் பிரித்து முடித்த பிறகு அடியில் ஒன்று மிச்சமிருந்தது. சின்னது, கனமும் அதிகமில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள், இரண்டு பேருமே என்ன என்று சொல்லவில்லை. பிறக்காமல் போன பிள்ளைக்கான ஏக்கம் அது. பிறந்திருந்தால் அந்த வருடம் நான்காம் வகுப்பு படிக்கும். யாருடையது என்று முடிவாகாததால் அதைப் பெட்டியிலேயே விட்டு, மூடி, கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். இப்போதும் நாலேகால் மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு ஊர்ப் பிள்ளைகள் தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டால், அந்த நீலப் பெட்டி உருண்டு வாசலுக்கு வந்து நிற்கும். கடைசிப் பிள்ளை தாண்டிப் போகும் வரை நிற்க விடுவார்கள். பிறகு இருவரில் ஒருவர் வந்து கைப்பிடியைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார்.