தலைக்கு ஒன்பதாயிரம்

புள்ளிவிவரப் பிரிவில் மேசைகள் நான்கு, ஆள் ஒருத்திதான். மற்ற மூவரும் ஓய்வு பெற்றபின் அந்த இடங்களை யாரும் நிரப்பவில்லை. அவள் தன் நாடும் அண்டை நாடும் உயர்கல்விக்குச் செலவிடும் தொகையை எதிரெதிரே நிறுத்தி அட்டவணை போட்டிருந்தாள். மாணவர் தலைக்கு இங்கே ஒன்பதாயிரம், அங்கே எட்டாயிரத்து நானூறு. நான்கு வருடங்களுக்கு முன் இங்கே ஆறாயிரம்தான்.

மாடியில் மேலதிகாரிகளிடம் ஒரே குதூகலம். நாளை நிதிக்குழு கூடுகிறது. அண்டை நாட்டையே மிஞ்சியாயிற்று, இனிக் கல்லூரிகளுக்குப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் குடி முழுகிவிடாது என்று பேச்சு. தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் சுருக்கொப்பம் மட்டும்தான் பாக்கி.

பேனாவை எடுத்தாள், வைத்தாள். செலவு ஏறியதாக அவளுக்கு நினைவே இல்லை. பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தாள். மொத்தத் தொகை நான்கு வருடமாக இம்மியும் அசையவில்லை. மூன்று லட்சம் மாணவர்கள்தான் இரண்டு லட்சமாகியிருந்தார்கள். மற்றவர்கள் படிக்க அண்டை நாட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் ஆள் குறைந்தால் மிச்சமிருப்பவருக்கு இரண்டு போர்வை கிடைக்குமே, அந்த மாதிரி வசதி.

அவள் வீட்டிலும் இப்போது போர்வை அதிகம்தான். மதிய இடைவேளையில் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் அண்டை நாட்டில் மூன்றாம் வருடம் படிக்கிறான்.

"என்னக்கா இந்த நேரத்துல? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"யாரு இருக்கா இங்க, உடம்பு சரியில்லாம போக? நான்தான் இருக்கேன், கல்லு மாதிரி. ஒண்ணு சொல்லு. உன்ன மாதிரி வெளிநாட்டுப் பசங்களையும் அங்க மாணவர் கணக்குல சேக்கறாங்களா?"

"சேக்காம? வருஷா வருஷம் வரிசையில நிக்க வச்சு எண்றாங்க. ஆட்டு மந்தை தோத்துச்சு போ."

"அப்ப நீ அவங்க கணக்குல இருக்கே."

"இதென்ன புதுசா? நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள். சாப்பிடவில்லை. "படிப்பு முடிஞ்சதும் வந்துருவேல்ல?"

எதிர்முனையில் யாரோ சிரிப்பதும் கதவு சாத்துவதும் கேட்டன. "இங்க லேப்லயே ஒரு இடம் இருக்குன்னு சொல்றாங்கக்கா... அப்புறம் பேசறேன், கிளாஸ் இருக்கு."

பிரிவுத் தலைவருக்கு அலுவலகத்தில் 'கால்புள்ளி' என்று பெயர். எதையும் முடிக்கமாட்டார்.

மாணவர் குறைந்ததால் வந்த ஏற்றம் இது என்று அவள் போய்ச் சொன்னதும், "கீழ்க்குறிப்பா போட்டுரும்மா, நான் பாத்துக்கறேன்," என்றார்.

"மேல போறப்ப கீழ்க்குறிப்புத் தாளைக் கழட்டிட்டுத்தானே சார் அனுப்புவீங்க? வழக்கமே அதுதானே?"

"ஊரோட ஒத்து வாழணும்மா,"

"மொத்தச் செலவு, மாணவர் எண்ணிக்கை. ரெண்டு வரிசை அட்டவணைக்குள்ளயே சேத்தாத்தான் கையெழுத்து."

அவர் மற்ற மூன்று மேசைகளையும் ஒருமுறை பார்த்தார். தயாரித்தவர் இடத்தில் ஒப்பமிட அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது. சரிபார்த்தவராகத் தான் ஒப்பமிடுவதால் அவரும் போட முடியாது. பெருமூச்சு விட்டார். "கேள்வி வந்தா நீயே வந்து பதில் சொல்லு, நான் வாயத் திறக்க மாட்டேன்," என்றார். அவள் வரிசைகளைச் சேர்த்து ஒப்பமிட்டாள்.

மறுநாள் நீண்ட மேசையின் கடைசியில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். குழுவின் தலைவி கண்ணாடியை இறக்கி அந்த இரண்டு வரிசைகளையும் வெகுநேரம் பார்த்தார். குறைப்பு இந்த வருடம் வேண்டாம் என்றார். கால்புள்ளி தாளில் எதையோ கிறுக்கினார்.

"போன ஒரு லட்சம் பேருல எத்தனை பேரும்மா திரும்பி வருவாங்க?" என்று கேட்டார் தலைவி.

அறை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"அதுக்கு எங்கிட்ட கணக்கு இல்லைங்க" என்றாள்.

"சரி, அடுத்தது" என்றார் தலைவி. அவள் கோப்பை மூடிக்கொண்டு தன் அறைக்குத் திரும்பினாள்.