கழுத்து குட்டையான ஃபோர்க்

தன் சைக்கிளை விற்கப்போவதாக என் மனைவி ஜிப்பார் சொன்ன பிறகு நாங்கள் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது புதிதல்ல. கணவனும் மனைவியுமாக நாங்கள் மனம்விட்டுப் பேசுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் ஊரான கராகோலுக்கு மேலே மேய்ச்சல்வெளியிலிருந்து சைக்கிளில் இறங்கும்போதுதான்.

போன இலையுதிர்காலத்தில் விழுந்து அவள் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கல் பாதையின் ஒவ்வொரு குலுக்கலையும் அவள் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய ஃபோர்க் அப்படியே கைக்கு அனுப்பியது. வாங்குகிறவர் ஞாயிறு மாலை வருவதாக இருந்தார்.

நல்ல ஃபோர்க் போட்டால் கை தாங்கும், அவளும் என்னோடு வருவாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வரவில்லை. "டோகோன் கடைவரைக்கும் உன் சைக்கிளைத் தள்ளிட்டுப் போலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை மாலை அந்த சைக்கிள் கடையில், அதிர்வைத் தாங்கும், காற்றடைத்த புது ஃபோர்க்கின் விலையைப் பார்த்துவிட்டு ஜிப்பார், "இதுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கினா பாலாவது கிடைக்கும்" என்றாள்.

எங்களுக்குக் கட்டுப்படியாவது ஸ்ப்ரிங் வைத்ததுதான். காட்சிக்கு நின்ற சைக்கிளில் அதை மாட்டியிருந்தார்கள். ஏற்கெனவே இருமுறை வந்து அழுத்திப் பார்த்திருந்தேன். இப்போதும் அழுத்தினேன், மெத்தைபோல் இறங்கியது.

"இதுதான்" என்றேன்.

ஜிப்பார் ஏறி உட்கார்ந்து முன்னால் சாய்ந்தாள். அது அசையவில்லை.

"உங்களைப் பாத்தா பயந்து குனியுது. என்னை மதிக்கவே மாட்டேங்குதே."

"அண்ணி, நீங்க இன்னும் கொஞ்சம் கொழுப்புக் கறி சாப்பிடணும்" என்றான் டோகோன்.

"உன் ஸ்ப்ரிங்குக்காக நான் குண்டாகணுமாக்கும்?"

நான் சிரிக்கவில்லை. அவளுக்கான பொருளை என் உடம்பை வைத்தே தேர்ந்தெடுத்திருந்தேன். குளிர்காலம் முழுக்க அவள் வலியையும் இப்படித்தான் அளந்திருப்பேனோ?

டோகோனுக்குக் கடையடைக்கும் நேரம். எங்கள் கிண்ணங்களில் விளிம்புவரை தேநீர் ஊற்றினான். எங்கள் ஊர் வழக்கப்படி, அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இரு என்று பொருள். நிறைத்தால் போய் வா என்று பொருள்.

"கிளம்பச் சொல்றான்" என்று ஜிப்பார் கிசுகிசுத்தாள்.

நான் எழவில்லை. பழைய டயர்களுக்குப் பின்னால் ஒரு ஃபோர்க் சாய்ந்து கிடந்தது.

"அது காத்து ஃபோர்க்தான். ஆனா விடுங்கண்ணே. முன்னாடி வச்சிருந்தவன் ஹேண்டில்பார் மாட்டுற கழுத்துக் குழாயை ஒட்ட வெட்டிட்டான். எந்த சைக்கிளுக்கும் எட்டாது."

"எந்த சைக்கிளுக்குமா?" என்றாள் ஜிப்பார்.

அவளுடையது இருப்பதிலேயே சின்ன சட்டம். சின்னப் பிள்ளை வண்டி என்று நானே கிண்டல் செய்ததுண்டு. டோகோன் ஃபோர்க்கைப் பக்கத்தில் வைத்து அளந்தான், மறுபடி அளந்தான். மயிரிழையில் எட்டியது. சக்கரமும் பிரேக்கும் பொருந்தின. ஸ்ப்ரிங் ஃபோர்க்கின் விலைக்கே கொடுத்து, எண்ணெய் மாற்றி மாட்டியும் விட்டான்.

இந்தமுறை நான் அழுத்திப் பார்க்கவில்லை. "நீ உக்காரு" என்றேன். முன்னால் மண்டியிட்டு ஃபோர்க்கிலிருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினேன்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

மெல்ல, அவள் கனத்துக்கு அது இறங்கியது.

மறுநாள் பாதிச் சரிவிலிருந்துதான் இறங்கினோம். அவள் கையையே பார்த்தபடி பின்னால் வந்தேன். கீழே வந்து, "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது." விரல்களை விரித்து மடக்கினாள். "முன்ன மாதிரி இல்ல."

இன்னும் விற்கத்தான் போகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மாலையில் வாங்குகிறவர் வந்தார். பக்கத்து ஊர் ஆசிரியர், நல்ல மனிதர். மகளுக்காக என்றார். ரொட்டியும் ஜாமும் எடுத்து வைத்துவிட்டு, ஜிப்பார் இடது கையால் கெண்டியைத் தூக்கி அவர் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதியில் நிறுத்துவாள் என்று பார்த்தேன். விளிம்பில் தேநீர் நடுங்கும்வரை ஊற்றினாள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார்.

"சரிம்மா, புரிஞ்சுது. சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனே."

"மன்னிச்சுக்கங்க. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

அவர் போன பிறகு என் கிண்ணத்தை இழுத்து ஊற்றினாள். பாதிகூட இல்லை.