தெரியாது என்றொரு பொத்தான்

பஞ்சாட்சரத்துக்கு டாக்டர் பட்டம் யார் கொடுத்தது என்று கேட்டால் ஏதோ ஒரு தீவின் பெயரைச் சொல்வார். அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவருக்கு அவசரமாக ஃபோன் வந்துவிடும்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில், மூடிப்போன ரைஸ்மில் ஒன்றுக்கு வெள்ளையடித்து அவர் தொடங்கிய பயிற்சி மையத்தில் இருப்பது ஒரே ஒரு சிமுலேட்டர். நெல் அறுக்கிற மெஷினின் சீட்டு, ஸ்டேரிங், கியர் கம்பிகள், எதிரே திரையில் வயல். டீசல் வேண்டாம், சேறு வேண்டாம், கவிழ்ந்தாலும் யாருக்கும் கால் போகாது. அதற்குள் இருந்துகொண்டு பாடம் சொல்லித் தருகிற மென்பொருளை எழுதியவள் ஷீபா. காலனியில் வளர்ந்து, செங்கல்பட்டில் இன்ஜினியரிங் படித்தவள். ஓட்டுகிறவரின் கை எங்கே தடுமாறுகிறது என்று மென்பொருள் கவனிக்கும். அவருக்கு எது புரியவில்லை என்று கணிக்கும். அதற்கேற்பப் பாடத்தை ஏற்றும், இறக்கும்.

ஸ்டேரிங் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். ‘எனக்குத் தெரியாது’ என்று அதன்மேல் எழுதியிருக்கும். அமுக்கினால் ஓடுகிற பாடம் நின்றுவிடும். மெஷின் முதலிலிருந்து பொறுமையாகச் சொல்லித் தரும்.

ஸ்டேரிங்கைத் தொட்டே பழகாத ஒருவரை உட்கார வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஷீபா தன் அம்மாவை அழைத்து வந்தாள். மங்கம்மா பஞ்சாட்சரத்தின் நிலத்திலேயே நடவுக்கும் களைக்கும் போகிறவள்.

“இன்னாடி இது, பச்சையா மின்னிக்கினு கீது?”

“தெரியலன்னா அத்த அமுக்கும்மா.”

“எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே” என்று ஏறி உட்கார்ந்ததுமே அமுக்கினாள். மெஷின் ஷீபாவின் குரலில் சொல்லச் சொல்ல, தட்டுத்தடுமாறி ஒரு வயலை அறுத்தும்விட்டாள். அடுத்த வயலில் இறங்கும்போது, விருந்தாளிகள் பின்தொடரப் பஞ்சாட்சரம் உள்ளே வந்தார்.

“யாரு இவள மேல ஏத்துனது? களை புடுங்குற கைக்கு ஸ்டேரிங் கேக்குதா? எறங்கு!”

மங்கம்மா இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பஞ்சாட்சரம் வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பினாயில் ஊற்றிச் சீட்டைத் துடைக்கச் சொன்னார். அவன் துடைத்து முடிக்கும்வரை ஷீபா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னபோது மங்கம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“நீ போனா வேற ஒருத்தன வெச்சிக்கினு ஜாலியா இருப்பான். அதே சீட்டுல அவன் குந்தணும். தெரியாதுன்னு ஒத்துக்கினு எறங்கணும். அத்த நான் கண்ணால பாக்கணும்டி.”

ஷீபா வேலைக்குத் திரும்பினாள். அதன் பிறகு அவளுக்குப் பெரும் உதவி செய்தவர் பஞ்சாட்சரம்தான்.

“அறிவுள்ள மெஷின்னு சொல்றே. அது அறிவாளி குரல்லதானேம்மா பேசணும்?” என்று எல்லாப் பாடங்களையும் தன் குரலில் பதிவு செய்தார். ஷீபா எழுதிக் கொடுத்த சாதுவான வரிகள் அவருக்குச் சப்பென்று இருந்தன. ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்கு, களை பிடுங்குகிற கையைப் பற்றிய அந்த வசனத்தையே வைத்தார். அதைப் பேசிவிட்டுத் தானே ரசித்துக்கொண்டார். பச்சைப் பொத்தானுக்கான வரியை மட்டும் படிக்க மறுத்துவிட்டார்.

“தெரியாதுங்கற வார்த்தை என் வாயில வராதும்மா.”

அந்த இடத்தில் ஷீபாவின் குரலே தங்கிவிட்டது.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் பாதியில் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று, பாடம் முடியும்வரை சீட் பெல்ட் திறக்காதபடி பூட்டச் சொன்னார். தப்பு செய்தால் ஊரே பார்க்கட்டும் என்று முற்றத்தில் பெரிய திரையும் ஸ்பீக்கரும் வைத்தார்.

“சார், கத்துக்கறவங்க நொந்துபோவாங்க.”

“நோவணும். அப்பதான் மண்டையில ஏறும்.”

“சரிங்க சார்.”

மிச்சம் இருந்தது விருந்தாளி மோட். அதைப் போட்டுவிட்டால் ஸ்டேரிங்கை எப்படித் திருப்பினாலும் மெஷின் நேராகப் போய் அழகாக அறுக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் பஞ்சாட்சரம் ஓட்டிக் காட்டியது அதில்தான். காட்டிக் காட்டி, தனக்கு நிஜமாகவே ஓட்டத் தெரியும் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். திறப்பு விழாவன்று காலை ஷீபா அதை எடுத்துவிட்டாள். வேறெதையும் தொடவில்லை.

பந்தலில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று பிரியாணி உண்டு என்று சொல்லிக் காலனிப் பெண்களை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். மங்கம்மாவும் வந்தாள். மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். பஞ்சாட்சரம் விஞ்ஞானம், விவசாயம், தன் தாத்தா மூன்றையும் பற்றிப் பேசிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பெல்ட் பூட்டிக்கொண்டது.

மெஷின் நேராக வரப்பில் போய் முட்டியது.

“கத்தியைத் தூக்கு” என்றது ஸ்பீக்கரில் அவர் குரல். அவர் வேறெதையோ இழுத்தார். “கத்தியைத் தூக்குடா, மரமண்டை!” அதையே இன்னும் பலமாக இழுத்தார்.

“களை புடுங்குற கைக்கு ஸ்டேரிங் கேக்குதா?”

காலனிப் பெண்கள் வரிசையிலிருந்து ராணியம்மாள் வாய்விட்டுச் சொன்னாள்: “அடியே, அவரை அவரே திட்டிக்கினு கீறாரு பாருடி!”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பஞ்சாட்சரம் மைக்கைப் பிடித்தார். “வேணும்னேதான் தப்பா ஓட்டினேன். மெஷின் எப்படித் திருத்துதுன்னு மக்களுக்குக் காட்டணும் இல்லையா?”

“பிரமாதம்” என்றார் அதிகாரி. “இப்ப சரியா ஓட்டிக் காட்டுங்க.”

இது ஷீபாவின் திட்டத்தில் இல்லாத போனஸ்.

அதற்குள் மெஷின் ஆளை எடைபோட்டு முடித்திருந்தது. “பாடம் ஒன்று. உன் எதிரே வட்டமாக இருப்பது ஸ்டேரிங்.”

“ஷீபா, ஆஃப் பண்ணும்மா.”

“பாதியில எறங்க வழி கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? பாடத்த முடிங்க. இல்லன்னா பச்சைப் பொத்தான் இருக்கு, அமுக்கினா பாடம் நின்னு பெல்ட் விட்டுடும்.”

அவர் அமுக்கவில்லை. அவர் குரல் அவருக்கு ஸ்டேரிங்கை மறுபடி அறிமுகம் செய்தது. அதிகாரி வாட்சைப் பார்த்தார். பிரியாணி வாசனை வந்தது. பஞ்சாட்சரத்தின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மங்கம்மா எழுந்து சீட்டருகே போய் நின்றாள். “கூச்சப்படாதீங்க சார். நானே அமுக்குனேன்.”

அவர் அமுக்கினார்.

‘எனக்குத் தெரியாது’ என்று பெரிய திரை முழுக்க எழுத்து விரிந்தது. ஸ்பீக்கரில் ஷீபாவின் குரல்: “தெரியாது என்று சொன்னதற்கு நன்றி. வெட்கப்பட ஒன்றுமில்லை.”

பெல்ட் விட்டது. இறங்கினார்.

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே” என்று பல்லைக் கடித்தார்.

“சரிங்க சார்.”

ஷீபா மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பினாயில் நெடி முன்வரிசை வரை வந்தது. துணியைப் பிழிந்து, அவர் பார்க்கப் பார்க்கச் சீட்டைத் துடைத்தாள்.

“அந்த ஓரத்துல இன்னும் அவன் வேர்வ கீது பாரு” என்றாள் மங்கம்மா, செருப்போடு ஒரு காலைப் படியில் வைத்து. “நல்லா தொடைடி. நான் குந்தற எடம்.”