பத்துக்குப் பதினொன்று

அருள்மேரி பழுப்புக் காகிதத்தை விரித்துப் புருஷனின் வலது உள்ளங்காலோடு ஒட்டிப் பிடித்தாள். பால்சாமியைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஜெபமாலை சுற்றிப் பெஞ்சில் கிடத்தியாகிவிட்டது. பிணத்தின் காலை அளந்து பார்க்கிற பெண்டாட்டியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? அவள் அளந்தாள். ஒரு தரத்துக்கு இரண்டு தரம் அளந்தாள்.

காகிதத்தில் பென்சிலால் வரைந்த இரண்டு பாதங்கள் இருந்தன. பால்சாமியின் கால் அந்தக் கோட்டுக்குள்ளே அடங்கி, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மீந்து நின்றது.

"என்னாம்மா பண்ற?" என்றாள் மகள் லீமா.

"ஒண்ணுமில்ல. கால்கட்டு தளந்துபோச்சு."

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அலமாரியிலிருந்து மெழுகுவர்த்தி எடுத்தாள். அலமாரிக் கதவு வழக்கம்போல மூட மறுத்தது. பால்சாமி அளவெடுத்துச் சொல்லி ஆசாரி செய்த கதவு அது. இரண்டு தரம் இழைத்தும் சட்டத்துக்குள் அடங்கவில்லை.

நேற்று மத்தியானம் பீங்கான் கம்பெனியில் அச்சு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் விருத்தகிரி காலையில் அவருடைய காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். காகிதம் அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆண்பிள்ளை. அவரும் இப்போது பெஞ்சில் கிடக்கிறார். லீமா ஒரே பெண். அப்படியென்றால் இந்த ஆம்பிளைக் கால் யாருடையது? பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல். பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருக்கும் வலது சுண்டுவிரல். இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய அதே கால். அப்பனை உரித்து வைத்த கால், ஆனால் அப்பனைவிடப் பெரிய கால்.

சும்மா ஒன்றும் இந்தச் சந்தேகம் வந்துவிடவில்லை. போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பால்சாமி கிளம்பிப் போனார். கேட்டதற்குக் கம்பெனி வேலை என்றார். துவைக்க எடுத்த சட்டையில் திட்டக்குடி பஸ் டிக்கெட் இருந்தது. திட்டக்குடியில் ஏது கம்பெனி? அதற்கும் மேலே பக்கத்து வீட்டு ராஜாம்பாள் வந்து பற்ற வைத்தாள்.

"திட்டக்குடி பஸ் ஸ்டாண்டாண்ட பாத்தேங்க்கா. வாட்டசாட்டமா ஒரு ஆளு. அவன் தோள்ல கையப் போட்டுக்கினு நிக்கிறாரு உங்க வூட்டுக்காரரு. பெத்த புள்ள தோத்துப்போவணும்!"

அன்றைக்கு மூடிய வாய்தான். அருள்மேரி எதுவும் கேட்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. ஒன்பது நாள். நேற்றுக் காலையிலும் அவர் வாசற்படியில் நின்று, "போயிட்டு வரேன் மேரி" என்றார். துவைக்கிற கல்லைவிட்டு அவள் தலையைத் திருப்பவில்லை. எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம்! அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார். படலைச் சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

இப்போது அழுவதா, திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்த ஆண்களின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஒவ்வொருவன் காலாகப் பார்த்தாள். இரண்டாம் விரல் நீண்டவன் எவன்? நாலு மணிக்கு அடக்கம். ஆண்பிள்ளை இல்லாத வீடு, குழியில் முதல் மண் யார் போடுவது என்று வெளியே பந்தலில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எவனாவது ஒருத்தன் வந்து, நான்தான் மகன், நான் போடுகிறேன் என்று நின்றுவிட்டால்? ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம் லீமாவுக்குக் கல்யாணம். புதுச்சேரி சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மானம் போய்விடாதா?

மூன்று மணிக்குக் கோயிலில் துக்க மணி அடித்தபோது ராஜாம்பாள் அவள் விலாவில் இடித்தாள்.

"யக்கா! அதோ. அந்த ஆளுதான்."

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு முப்பது வயதுக்காரன் ஒருவன் நின்றிருந்தான். ஆள் நெடுநெடுவென்று இருந்தான். கக்கத்தில் ஒரு பொட்டலம். கண் கலங்கியிருந்தது. காலில் டயர் செருப்பு, பெரிய கால்.

அருள்மேரி எழுந்தாள். பிடிக்க வந்த லீமாவின் கையை உதறிவிட்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"யாரு நீ?"

"பக்கிரிம்மா. திட்டக்குடி. கம்பெனிக்குப் போயிருந்தேன், அங்க சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே..."

"செருப்பக் கழட்டு."

"ம்மா?"

"கழட்டுடா!" இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்துத் தரையில் விரித்தாள். "இதும்மேல நில்லு."

சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்தாள். பக்கிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி, துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு காகிதத்தில் ஏறி நின்றான்.

நீளம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. ஆனால் அகலத்தில் இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டி வழிந்தது. இரண்டாம் விரல் பெருவிரலுக்குக் கீழே குட்டையாக நின்றது. சுண்டுவிரல் எதன்மேலும் ஏறவில்லை.

"இது பால்சாமி அண்ணன் காலும்மா" என்றான் பக்கிரி மெதுவாக. "நான் பூட்ஸு தைக்கிறவன். பஸ் ஸ்டாண்டாண்டதான் கடை."

பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ். புதுத்தோல் வாசனை ஊதுவத்தி வாசனையை மீறி வந்தது.

"பொண்ணு கையப் புடிச்சி கோயிலுக்குள்ள அழைச்சிக்கினு போவணும், சம்பந்தி வூட்டுல எல்லாரும் பூட்ஸு போட்டவங்க, நான் வெறுங்காலோட போனா பொண்ணுக்குக் கொறச்சல்னாரு. உள்ளூர்ல அளவு குடுத்தா வூட்டுக்குத் தெரிஞ்சிடுமாம். அன்னிக்கித் திடுதிப்புனு போட்டுக்கினு வந்து நின்னு உங்கள அசத்தணுமாம். என் தோளப் புடிச்சிக்கினு கடையில இருந்ததெல்லாம் போட்டுப் பாத்தாரு. ஒண்ணும் சேரல. சாயங்காலமா, கால் வீங்குனப்பறம், காகிதத்துல நின்னு ரெண்டு காலையும் வரைஞ்சி எடுத்துக்கினு வாங்கன்னேன். கொண்டாந்தாரு. தோல்ல வெச்சு வரைஞ்சிக்கினு காகிதத்தத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"பொய்யி" என்றாள் அருள்மேரி. "அவுரு கால அளந்து பாத்துட்டேன். இது ஒரு வெரக்கடை பெருசா இருக்குது."

"நானும் கேட்டேம்மா, பெருசா இருக்குதேன்னு. நான் அளந்தே பொழைக்கிறவன்யா, எனக்கே சொல்றியான்னு கோவிச்சிக்கினாரு."

விருத்தகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காகிதத்தைக் கையில் வாங்கினான். பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவன் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அண்ணி... அண்ணன் அச்சுக்காரரு அண்ணி. களிமண்ணு காஞ்சி, சூளையில வெந்து வரப்ப சுருங்கிப்போவும். பத்து அங்குலம் வேணும்னா பதினோரு அங்குலத்துக்கு அச்சு செய்யணும். இருபது வருசமா அந்தக் கையிக்கு அதே பழக்கம். காகிதத்துல நின்னு வரையாம, கால அளந்துட்டு, பத்துக்குப் பதினொண்ணு வெச்சி வரைஞ்சிருக்காரு."

அருள்மேரி வாசல் வழியாக உள்ளே அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். மூடாத கதவு. லீமா பள்ளிக்கூடம் போன முதல் நாள், அவர் அளவு கொடுத்துத் தைத்த புதுப் பாவாடை தரையில் புரண்டது. தடுக்கி விழுந்து அழுதுகொண்டே வந்த பிள்ளையிடம், "வளருற புள்ளதானே" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார் அந்த மனுஷன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, நான் பாவி! ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே! ஒம்போது நாளு... ஒம்போது நாளு அந்த மனுசன்கிட்ட மூஞ்சியக் காட்டலியே!" நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. லீமா அவளைக் கட்டிக்கொண்டாள். ராஜாம்பாள் அங்கே நிற்கவில்லை.

பெட்டி வந்துவிட்டது. பால்சாமியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். லீமாதான் சொன்னாள்: "அப்பாக்கு பூட்ஸப் போட்டு உடும்மா. மொத மண்ணு நானே போடறேன்." சம்பந்தியம்மாள் சரியென்று தலையசைத்தாள்.

கால்கட்டை அவிழ்த்தார்கள். பக்கிரி முட்டிபோட்டு உட்கார்ந்து பூட்ஸை மாட்டினான். கால் உள்ளே கடகடவென்று ஆடவும் கழற்றினான். அருள்மேரி அந்தக் காகிதத்தை நடுவில் இரண்டாகக் கிழித்தாள். வலது கால் படத்தை வலது பூட்ஸின் முனையிலும், இடது கால் படத்தை இடது பூட்ஸின் முனையிலும் சுருட்டி வைத்து அடைத்தாள். பிறகு பக்கிரி மறுபடியும் மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினான்.

"இன்னும் லூஸாதாம்மா இருக்குது. குதிகாலுக்குப் பின்னால வெரலு போவக் கூடாது" என்றான்.

அருள்மேரி குனிந்து வலது குதிகாலுக்குப் பின்னால் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். போயிற்று. கால் சில்லென்று இருந்தது.

மூடியைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்கள் நின்றார்கள். "நேரமாவுதுங்க" என்றார் கோயில் உபதேசியார்.

"செத்த இருங்க" என்றாள் அவள். விரலை எடுக்கவில்லை.