வலது பக்கம் சுடவில்லை

எங்கள் பட்டாசு கம்பெனி வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. அங்கே பட்டென்று சத்தம் கேட்டால் யாரும் என்ன ஏது என்று விசாரிப்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். 2004 சீசனில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஓடினோம். இரண்டு தடவையும் வெடித்தது பட்டாசு இல்லை, என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் செல்வக்குமாரின் பைக்.

பழைய ரெட்டை சிலிண்டர் வண்டி அது. சிலிண்டருக்கு ஒரு கார்பரேட்டர், ஒரு சைலன்சர். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அவருக்குப் பாதிக் கண் வாசலில் நின்ற வண்டி மேல்தான்.

போர்மேன் காசிராஜன் கையெடுத்துக் கும்பிட்டார். "பாண்டிச்செல்வி, இனிமே அந்த வண்டி இந்தப் பக்கம் வரப்படாது. நீ வேன்லயே போ தாயி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் வீடு ஒரே அறை. மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் அதற்குள். நானும் அவரும் மனம்விட்டுப் பேசுவது அந்த வண்டியில் வரும்போதுதான். அதிலும் ஆனைக்குட்டம் அணைக் கரையில் வேகத்தைக் குறைத்தால் வண்டி தானாக அணைந்துபோகும். "சூடு ஆறட்டும்" என்று இறங்கி உட்காருவோம். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குச் சொர்க்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இடது கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். போன ஞாயிறும் அதையேதான் கழுவினார்.

"அதையே எம்புட்டு நேரம் கழுவுவீக?"

"இதுலதான் பெட்ரோல் ஒழுகுது. நோவு இங்கனதான் இருக்கு."

மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுச் சட்டென்று தளர்த்தினார். பட்! தெருநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறவள் நான். இடது சைலன்சரின் சூடு என் குதிகாலுக்கு நன்றாகத் தெரியும். வலது எப்படி? தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல இரண்டிலும் தண்ணீர் தெளித்தேன். இடது சொய்ங் என்றது. வலதில் தண்ணீர் சும்மா வழிந்து இறங்கியது.

"கல்லே காயல. இதுல எங்கிட்டுத் தோசை வேகும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். வலதைப் பிரித்தால், வண்டி மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகிற பொடி ஓட்டை அடைத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் சரியாக எரியாத பெட்ரோல்தான் சைலன்சருக்குள் போய் வெடித்திருக்கிறது. ஒயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவிக் குத்தி எடுத்தார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே என்னை ஆக்சிலேட்டரைத் திருகச் சொல்லிவிட்டு, இரண்டு கார்பரேட்டருக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே காற்று வழியைத் திறந்து மூடுகிற ஸ்லைடு இரண்டும் ஒன்றாக எழும்ப வேண்டுமாம்.

"மெதுவா புள்ள... இடது முந்துது." வலது கேபிளை இறுக்கினார். "ம், இப்ப ரெண்டும் சோடியா எந்திரிக்குது!"

மறுநாள் காசிராஜனிடம் கெஞ்சி ஒரே ஒரு தடவைக்கு அனுமதி வாங்கினேன். கேட்டுக்குத் தள்ளி வேப்பமரத்தடியிலேயே வண்டி நின்றுவிட வேண்டும் என்றார். பெண்கள் எல்லோரும் ஓடத் தோதாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் வந்தார். ஆக்சிலேட்டரைத் தளர்த்தினார். வெடிக்கவில்லை. அணையவும் இல்லை. நின்ற இடத்தில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் வரட்டும்" என்றார் காசிராஜன்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷமெல்லாம் ஆனைக்குட்டம் கரை வரைக்கும்தான். வேகம் குறைந்தது, வண்டி அணையவில்லை! தண்ணீர் தெளித்த கையை நானே நொந்துகொண்டேன். இனி நேராக வீடு, நேராக மாமியார்.

அப்போது வண்டி நின்றது. அவர்தான் சாவியைத் திருப்பியிருந்தார்.

"என்னாச்சு?"

"சூடாயிருச்சு. ஆறட்டும்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்" என்று சொல்லிவிட்டு, கரையில் எனக்கு இடம் தட்டிவிட்டார்.