போனவர்களுக்கு ஒரு பங்கு

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளே, கடற்காற்று என் குரலை அள்ளிக்கொண்டு போய்விடும். எங்கள் நுகுனோனுத் தீவில் தினியேலு மீன் பங்கு வைத்த கதையைச் சொல்கிறேன். சிரிக்க அதில் அதிகம் இல்லை, இருந்தாலும் கேளுங்கள்.

எங்கள் ஊரில் மீனை விற்க மாட்டோம். படகுகள் கொண்டுவருவதெல்லாம் கரையில் ஒரே இடத்தில் கொட்டப்படும். பங்கு வைப்பது தினியேலுவின் வேலை. வீட்டுக்கு வீடு, தலைக்குத் தக்கபடி குவியல் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வீட்டுப் பிள்ளை கூடையோடு ஓடி வரும். கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடியும்வரை ஒரு மீனையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அரிசியும் சர்க்கரையும் கப்பலில் வர வேண்டும். அதற்கான பணமும் நியூசிலாந்திலிருந்தோ, எங்கள் கடலில் மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்களிடமிருந்தோ வர வேண்டும். எங்களுடையது என்று சொல்ல இந்த மீன் ஒன்றுதான்.

ஒரு வாரம் வந்த கப்பலில் தினியேலுவின் மகன் பெத்தேலோ பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏறிப் போனான். தீவில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பிள்ளை. ஊர்ச் சம்பளத்தில் மாவு வாங்கினால் செருப்பு வாங்க முடியவில்லை, அங்கே நியூசிலாந்தில் இறைச்சி ஆலையில் வேலை இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுகிறேன் என்றான். போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

கப்பல் ஏறிய வீட்டின் பெயரை அப்புறம் கூப்பிடுவதில்லை என்பது ஊர் வழக்கம். எத்தனையோ வீடுகளின் பெயரைத் தினியேலுவே நிறுத்தியிருக்கிறார். மகன் வீட்டுக் கதவைத் தன் வாயாலேயே சாத்த மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

பங்கு நாள் வந்தது. அன்றைக்கு நல்ல மீன்பாடு. குவியல் வைத்தார்.

"பெத்தேலோ வீடு," என்று கூப்பிட்டார்.

யாரும் அசையவில்லை. லெபேக்கா, அவருடைய பெரியம்மா மகள், வாய்த்துடுக்குக்காரி, சிரித்தே விட்டாள்.

"யாருடா வருவா கூடையத் தூக்கிட்டு? நியூசிலாந்துல இருந்து நீந்தி வரணுமா?"

"வந்துருவான்க்கா. உப்புப் போட்டு வைக்கிறேன்."

லெபேக்காவின் சிரிப்பு நின்றது.

"அப்ப என் பிள்ளைங்களுக்கும் வையி. அவங்களுந்தான் வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

பின்னாலிருந்த கிழவர் தன் தம்பி வீட்டுக்குக் கேட்டார். இன்னொருத்தி தன் மகளுக்குக் கேட்டாள். ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்கு மறுத்தால் அது பங்கே இல்லை. தினியேலுவுக்கு அது தெரியும். குவியல்களைக் கலைத்தார். மறுபடி வைத்தார், மறுபடி கலைத்தார். பெருங்குவியல்கள் வீட்டுக்கு ஒரு மீனாகச் சுருங்கி, தேவாலயப் படிவரை வரிசை நீண்டது. அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, பதிலுக்கு அலைச் சத்தம்தான் வந்தது. வெயில் ஏறியது, ஈ மொய்த்தது. பசித்த குழந்தைகள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அழுதன.

லெபேக்கா அவர் கையைப் பிடித்தாள்.

"போதும்டா. இருக்கிறவங்களவிட இல்லாதவங்க அதிகம். எங்க போய் முடிப்ப?"

அவர் நிறுத்தினார். அதற்குள் மீன் நொந்து நாறத் தொடங்கிவிட்டது. இருந்தவர்கள் ஆளுக்கொன்றைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மிச்சமெல்லாம் பன்றிகளுக்குப் போனது. பெத்தேலோ வீட்டு மீனை அவரே கொண்டுபோய்ப் போட்டார்.

அடுத்த பங்கு நாளில் பெத்தேலோவின் பெயரைத் தாண்டி அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பல் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் பெயர்கள் குறைந்தன, குவியல்கள் பெரிதாயின. கடைசியில் தினியேலு வீட்டுக் குவியலைத் தூக்க ஆள் இல்லாமல், அவரும் மனைவியும் கூடையின் ஆளுக்கொரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தின்று தீர்க்கவும் அவர்களால் முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் கூடையோடு ஓடி வர வாசலில் ஒரு பிள்ளை இருக்கட்டும், கண்ணுகளே. அது போதும் உங்களுக்கு.