விரல் வரைக்கும் காற்று

சங்கு ஊதியதும் தையல் வரிசைப் பெண்கள் வெறுங்காலோடு எழுந்துபோய், வாசல் ஓரமாகக் கழற்றி விட்டிருந்த செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மெஷின் மிதிக்கும் காலில் செருப்பு இருக்கக் கூடாது என்பது அந்த ஷூ கம்பெனியில் சட்டம். அளவுக்காரி மட்டும் மாதிரி அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டிருந்தாள். காத்து சார் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்து, ஷூவை உருவி, சாக்ஸின் நுனியைப் பிடித்து மெதுவாக உரித்தார். அதை அப்படியே கொண்டுபோய் மேசை மேலிருந்த சின்னத் தராசில் வைத்தார். காலையில் போடும் முன் ஒரு எடை, சாயங்காலம் கழற்றிய பின் ஒரு எடை. கூடியிருந்தால் அத்தனையும் வேர்வை.

“எடை கூடவே இல்லக்கா!” என்றார். முகமெல்லாம் பல். “காத்து போகுது. நல்லாவே போகுது.”

கதவருகே அவளுக்காகக் காத்திருந்த பக்கத்து மெஷின்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தங்கம் மாதிரி நிறுத்துப் பாக்குறீங்களே சார், செய்கூலி சேதாரம் உண்டா?”

“சிரிங்க, சிரிங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறவன் கால் என்ன பாடுபடும்னு நெனச்சுப் பாருங்க. அவனுக்காகத்தான் இந்த ஷூ.”

காத்து, காத்து என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அந்த இளம் டிசைனருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர் செய்துகொண்டிருந்த ஷூவின் குதிகாலுக்கு அடியில் ஒரு ரப்பர் பை இருந்தது. காலை ஊன்றினால் பை நசுங்கி, உள்ளே இருக்கும் காற்றை அடித்தட்டில் வெட்டிய சின்ன வாய்க்கால் வழியாக முன்பக்கம் தள்ளும். காலைத் தூக்கினால் பக்கவாட்டுத் துளைகள் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். நடக்க நடக்கப் பாதத்துக்கு விசிறி வீசிக்கொண்டே இருக்கும் என்பது கணக்கு.

அளவுக்காரிக்கும் பெயர் வந்த கதை உண்டு. எந்தப் புது ஷூவையும் முதலில் ஒரே ஒரு அளவில்தான் தைப்பார்கள். அந்த அளவு அச்சுக்கும் அவள் பாதத்துக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. அதனால் தையலோடு, புது ஷூவைப் போட்டு நடந்து காட்டும் வேலையும் அவளுக்குத்தான்; அந்த நாட்களில் வெறுங்கால் சட்டம் அவளுக்கு மட்டும் கிடையாது. சோதனை முடிந்ததும் அதே ஷூவை அவளே அறுக்கும் மெஷினில் வைத்து நெடுக்காக இரண்டாகப் பிளக்கவும் வேண்டும். போட்டுப் பார்த்தவர் கையாலேயே அறுத்தால் எதுவும் காணாமல் போகாது என்று மேலே யாரோ கண்டுபிடித்த விதி. இதுவரை எத்தனையோ ஜோடிகளை அறுத்துப் போட்டிருக்கிறாள்.

“இன்னையிலேர்ந்து வீட்டுக்கும் இதையே போட்டுட்டுப் போங்க,” என்றார் காத்து சார். “ரோட்ல நடந்து பாக்கணும். காலைல வந்ததும் ஷூவையே நிறுத்துப் பாத்துக்கறேன். மாசக் கடைசில வாங்குறவங்க வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சாகணும்.”

வீட்டில் அவள் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புகிற நேரம். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில், உலர்த்தும் கூடத்தில் அவருக்கு மாலை ஷிப்ட். வாசற்படியில் உட்கார்ந்து, பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் இரண்டு பாதங்களையும் வைத்து விரல்களை அகட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகள் ஊறிய பயறு போல வெளுத்துப் பிளந்திருந்தன. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ரத்தம் கசிந்தது. அந்தக் கூடத்தின் அனலில் ஷிப்ட் முழுக்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு நின்றால் வேறு எப்படி இருக்கும்?

“மருந்து போட்டீங்களா?”

“போட்டேன் போட்டேன். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.” ஒரு விரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டார். “மேஸ்திரி நேத்து கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நொண்டிக்கிட்டே வண்டி தள்ளாதப்பா, ஆறுற வரைக்கும் வீட்ல இரு. ஆறினப்புறம் வா, எடம் இருந்தா பாக்கலாம்னு.”

“எடம் இருந்தாவா?”

“இந்த வாரம் மட்டும் வேலைக்கு வரவிட்டுப் பாப்பாராம். அப்பவும் நொண்டினா கேட்டுக்கு வெளிய நிக்கிறவன்ல ஒருத்தனை உள்ள கூப்பிட்டுக்குவாரு.”

அந்த வேலை போனால் வாடகை வீட்டில் அடுத்த மாதம் இருக்க முடியாது. குனிந்து தன் காலிலிருந்த ஷூவைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று கயிற்றை அவிழ்த்தாள்.

“இதைப் போட்டுட்டுப் போங்க.”

“கம்பெனி சாமான்டி!”

“ரோட்ல நடந்து பாக்கச் சொன்னாங்க. நீங்க நடந்தா ரோடு வேண்டாம்னா சொல்லப்போகுது?”

ஷூ அவர் காலுக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அது ஒன்றும் அதிசயம் இல்லை. கல்யாணமான புதிதிலேயே அவள் நாத்தனார் வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்: “அண்ணிக்குக் கால் பெருசு, அண்ணனுக்குச் சிறுசு. ஒரு ஜோடி செருப்பு வாங்கினா குடும்பத்துக்கே போதும்.” இப்போது நிலைமையும் அதுதான். அவர் செருப்பு வார் அறுந்து குப்பைக்குப் போனதிலிருந்து வீட்டில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

அவர் எழுந்து இரண்டடி வைத்துப் பார்த்தார். “என்ன, ஆபீசர் மாதிரி இருக்கேனா?”

“மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க. கிளம்புங்க, நேரமாச்சு.”

மறுநாள் காலை அவர் பாயில் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். “குதிகாலுக்கு ராஜயோகம். விரலுங்கதான் குட்டைல கெடக்குது.” அவள் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முன்பக்கம் சொதசொதவென்று இருந்தது. பேப்பரைத் திணித்து, எடுத்து, மறுபடி திணித்தாள். ஈரம் போவேனா என்றது. வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக்கொண்டு ஓடினாள்.

காத்து சார் ஷூவைத் தராசில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். தராசுக்குத்தான் ஏதோ கேடு என்று நினைத்து ஒரு நாணயத்தை வைத்துச் சரிபார்த்தார். தராசு ஒழுங்காக இருந்தது. அவர் முகம் சுண்டிப்போனது.

“தண்ணில மிதிச்சீங்களாக்கா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்த வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தும்விட்டது. ஆனால் வாங்குகிறவர்கள் வரும் நேரத்தில் அந்தப் பிள்ளை பொய்யை நம்பிக் கெட்டுப்போகுமே என்று அவளுக்குப் பட்டது.

“ராத்திரி அதைப் போட்டது நான் இல்ல சார். எங்க வீட்டுக்காரர்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? மேல தெரிஞ்சா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். தெரியுமா?”

அவள் கால் விரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவர் கோபத்தில் ஷூவுக்குள் விரலை விட்டுத் துழாவினார். துழாவத் துழாவக் கோபம் எங்கோ போய்விட்டது. குதிகால் பக்கம் காய்ந்திருந்தது. நடுப்பாதமும் பரவாயில்லை. விரல் பக்கம்தான் குளம்.

“உங்களுக்குக் கால் வேர்க்கவே வேர்க்காதாக்கா?”

“சின்ன வயசிலேர்ந்தே இல்ல சார். எங்கம்மாகூடச் சொல்லும், கட்டாந்தரைக் காலுன்னு.”

“அடக் கொடுமையே!” தலையில் அடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அளவு சரியா இருக்கான்னு பாத்தேன். வேர்க்குதான்னு கேக்கவே இல்லியே நான். வேர்க்காத காலை வச்சுக்கிட்டு இத்தனை நாளா சாக்ஸை நிறுத்துக்கிட்டு இருந்திருக்கேன்!” பிறகு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இனிமே சாயங்காலம் அவரே போட்டுக்கட்டும். எங்க ஈரம், எப்போ ஈரம்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. வெளிய மூச்சு விடாதீங்க.”

அன்றிலிருந்து கைமாற்றம் ஷூ கம்பெனி கேட்டிலேயே நடந்தது. அவள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு அவர் வந்து நிற்பார். செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளுவார். அவள் ஷூவைக் கழற்றிக் கொடுப்பாள். அவர் ஷூவோடு ஆலைக்கு, அவள் செருப்போடு வீட்டுக்கு. வாட்ச்மேன் ஒருநாள்கூடக் கேலி செய்யாமல் விட்டதில்லை. “என்னம்மா இது, புருஷனுக்குக் காலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போற!”

உலர்த்தும் கூடத்தில் தரை காய்ந்துதான் இருக்கும். மேஸ்திரியும் காலில் கறுப்பாக ஏதோ தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார். காலையில் வீட்டுக்காரர் சொல்லி அனுப்புவதை அவள் போய் ஒப்பிப்பாள். பெருவிரல் தப்பிச்சுது. நடுவிரலுக்கு அடில புழுக்கம். காத்து சார் வாய்க்காலை விரல்களுக்கு அடி வரை நீட்டினார். விரல் மடங்கும் இடத்தில் ஊசித் துளைகள் போட்டார். உள் துணியை எடுத்துவிட்டு வலை வைத்தார். வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. இந்த வயதில் தன் காலை யாரோ இவ்வளவு விசாரிப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“சுண்டுவிரலுக்கு இன்னும் தபால் வரலைன்னு சொல்லு உங்க சார்கிட்ட.”

இதைக் கேட்டுக் காத்து சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே சுண்டுவிரல் பக்கம் ஒரு கிளை வாய்க்கால் வெட்டினார். மறுநாள் தபால் வந்து சேர்ந்தது.

விரல் இடுக்கில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறியது. நொண்டல் நின்றது. துணி வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போகும் அவரை மேஸ்திரி ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாராம். அதுவே போதும். வீட்டில் அவர் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, “இந்த ஜோடியை நமக்கே குடுத்துருவாங்க இல்ல?” என்று கேட்டார்.

“உங்க கால் பதிஞ்சு கெடக்கு. வேற யாரு தொடுவா?” என்றாள் அவள். மறுநாள் காத்து சாரிடமும் கேட்டாள். “உங்களுக்கு இல்லாததாக்கா! நான் பேசறேன்,” என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

வாங்குகிறவர்கள் வந்தார்கள். ஏசி அறையில் அவளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க விட்டார்கள். ஒருவர் குனிந்து துளைகளில் விரலை வைத்து, காற்று வருகிறதென்று தலையாட்டினார். இன்னொருவர் அவள் காலைப் படம் எடுத்தார். யாரும் கணுக்காலுக்கு மேலே பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். காத்து சாரின் முதுகில் தட்டினார்கள்.

சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கைகுலுக்கி வாங்கிய சிரிப்பு முகத்தில் இல்லை.

“கேட்டேன்க்கா. கெஞ்சிக்கூடக் கேட்டேன். மாதிரி எதுவும் வெளிய போகக் கூடாதாம். இன்னைக்கே அறுத்து, உள்பக்கம் தெரியுற மாதிரி கண்ணாடிப் பெட்டில வைக்கணுமாம்.” மேசை மேலிருந்த தராசை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். “கடைக்கு வந்ததும் நமக்கெல்லாம் தள்ளுபடி உண்டாம்.”

“தள்ளுபடி போக எவ்வளவு சார் வரும்?”

அவர் சொன்னார். வீட்டுக்காரரின் ஒரு மாதச் சம்பளம் அதற்குள் அடங்கிப்போகும்.

“அவரு கால் ஆறிடுச்சுன்னு சொன்னீங்களா?”

“அவரு போட்டாருன்னே சொல்ல முடியாதேக்கா.”

அதுவும் சரிதான். அவள் முக்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வேறு ஆளை அறுக்கச் சொல்லலாமா என்று அவர் இழுத்தார். “விதி விதிதான் சார்,” என்று எழுந்தாள். குரல் கொஞ்சம் கடுப்பாகத்தான் வந்தது. அறுக்கும் மெஷின் பழக்கமானது. வலது ஷூவை மூக்கு முன்னால் இருக்கும்படி பலகையில் ஊன்றி வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, பட்டை ரம்பத்துக்கு நேராகத் தள்ளினாள். ரப்பர் சூடாகும் நாற்றம் வந்தது. ஷூ இரண்டாக விரிந்தது. குதிகால் பை, வாய்க்கால், கிளை வாய்க்கால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வெள்ளை வலைமேல் ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்திருந்தன. ரம்பம் நடுவிரல் தடத்தின் வழியாகப் போயிருந்தது. இடது ஷூவையும் அறுத்தாள்.

“எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாரு,” என்று மாடியிலிருந்து வந்த மேலாளர் ஒருவர் நான்கு துண்டுகளையும் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

சங்கு ஊதியது. பெண்கள் செருப்புகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். காலையில் ஷூவோடு வந்தவளுக்கு வாசல் ஓரத்தில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. வெறுங்காலோடு முற்றத்தைத் தாண்டி கேட்டுக்கு வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். பழக்கத்தில் செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஷூவுக்காக ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் அவள் காலைப் பார்த்தார். கேலிக்கு எழுந்த வாட்ச்மேன் திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

“குடுக்கலியா?”

“அறுத்துட்டேன்.”

தூக்கிய காலை அவர் தரையில் வைத்தார். சூடு தாங்காமல் மறு காலுக்கு மாறினார். ஷூ கம்பெனியின் கேட்டைத் திறந்துகொண்டு அட்டைப்பெட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று வெளியே வந்தது. இருவரும் அதற்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள்.

“நீங்க போட்டுக்கோங்க,” என்றாள் அவள். “இப்பதான் ஆறியிருக்கு.”

“நீ போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போ.” அவர் செருப்பைக் காலால் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். “எனக்குத்தான் அங்க பூட்ஸ் இருக்கே.”

சொல்லிவிட்டு, சாலையோரத்துச் சுவரின் நிழல் எங்கெல்லாம் விழுந்திருந்ததோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பாதத்தை வைத்து, ஆலைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.